மல்லிக்கும் அரைப்பேர்

"குதிரைக்குச் சொகமில்லாட்டி அதுக்கும் அரப்பேரு போடுவாங்களாம்மா?"

நுவரெலியா ஏரிக்கரையில் தனுஷிகா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய வேலை முழுப்பேர் ஆகாது, அரை நாளாகத்தான் பதிவார்கள்; பாதிக் கூலி தரும் அதுதான் அரைப்பேர். காய்ச்சலோடு மலையேறிய அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் அவள். சுற்றுலாப் பயணிகளைச் சவாரி ஏற்றும் குதிரைக்காரர் மஃறூப் வயிறு குலுங்கச் சிரித்தார். பிள்ளையைக் குதிரையில் ஏற்றிச் சும்மாவே ஒரு சுற்று காட்டினார்.

ஆறு வருடம் கழித்து அவரிடமே வேலை கேட்டு வந்து நின்றாள் அந்தப் பிள்ளையின் தாய் வினோதா. நெஞ்சில் இளைப்பு. கூடையோடு மலையேற முடியவில்லை. கொழுந்து வேலை போய்விட்டது. தனுஷிகாவின் படிப்பும் வீட்டு அடுப்பும் இவள் ஒருத்தியின் கையை நம்பியிருந்தன.

"அரப்பேரு புள்ளட உம்மாவா?" மஃறூப் உடனே கண்டுகொண்டார். "ஏப்ரல் சீசனுக்குப் பொம்பளப் புள்ளைகள ஏத்தி எறக்க ஒரு பொம்பள வேணும்தான். ஆனா ஓட்டத் தெரியாதவங்க கையில குதிரையக் குடுக்க ஏலாது தங்கச்சி. மூணு கெழம படிங்க. பொறகு தனியா அஞ்சு சுத்து வந்து காட்டுங்க."

படிக்கக் கிடைத்த குதிரை மல்லி. முன்பு வைத்திருந்த சிங்கள முதலாளி ஆசையாய்த் தம்பி என்ற பொருளில் வைத்த பெயர். பனிக்கு அவனுக்கு இருமல் பிடித்திருந்தது. மெதுவாக நடக்க மட்டும் விடலாம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்ததால் பயணிகளை ஏற்றுவதில்லை. வினோதாவோ இளைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் வாயுமருந்தை மடியில் ஒளித்துக்கொண்டு, சளித் தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள்.

"நல்ல சோடிதான்! அந்த மல்லித் தண்ணியில பாதிய இந்த மல்லிக்கும் ஊத்துங்க புள்ள" என்றார் மஃறூப்.

"ஊத்தலாம் நானா. அவன் கசக்குதுன்னு என்னைய ஒதச்சிட்டா?" என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து.

அவளுடைய பெரிய தொல்லை முதுகுதான். பன்னிரண்டு வருடம் நெற்றியில் கூடைக்கயிறு மாட்டிய உடம்பு, சேணத்தில் ஏறினாலும் தானாக முன்னால் சாய்ந்தது. ஆள் முன்னால் சாய்ந்தால் ஓடு என்று குதிரைக்கு அர்த்தம். மல்லி ஓடத் தொடங்குவான், அவள் அலறுவாள்.

"முதுகுல கூட இல்ல தங்கச்சி, நிமிருங்க!" என்று மஃறூப் கத்துவார்.

இரண்டாவது வாரம் ஒருநாள், ஏரிக்கரை மைதானத்தின் கடைசி வளைவில், சைப்ரஸ் மரங்கள் மறைக்கும் இடத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சுக்குத் தவித்து அப்படியே பிடரியில் சாய்ந்தாள். ஓடியிருக்க வேண்டிய மல்லி நின்றுவிட்டான். அவள் மடியிலிருந்து வாயுமருந்தை எடுத்து இழுத்து, மூச்சு திரும்பும்வரை காதைக்கூட அசைக்காமல் நின்றான்.

மரங்களைத் தாண்டி வெளியே வந்ததும் மஃறூப் பாய்ந்தார். "புல்லக் கண்டா நின்னுருவியா? சோம்பேறி! இன்னைக்கு ஒனக்கு அரப்பேருதான்டா!"

வினோதா வாயைத் திறந்தாள். இளைப்பு என்று சொன்னால் வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள். மாலையில் மல்லியின் வாளியிலிருந்து பாதிக் கரட் கிழங்கை மஃறூப் திருப்பி எடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு விழுந்தியாம்மா?" என்று வீட்டில் தனுஷிகா கேட்டாள்.

"விழல" என்றாள். ஆனால் விழுந்தது போலத்தான் இருந்தது.

மூன்று வாரம் முடிந்து பரீட்சை நாள் வந்தது. மல்லிக்கு இருமல் விட்டிருந்தது; அவளுக்கும் மூச்சு சீராக இருந்தது. முருகனை நினைத்து ஏறினாள். நிமிர்ந்த முதுகோடு மூன்று சுற்று. நான்காவது சுற்றில், அதே மரங்களுக்குப் பின்னால், மல்லி இருமினான். இரண்டடி வைத்து மறுபடியும் இருமினான். விலா ஏறி இறங்கியது.

இன்னும் ஒரு சுற்றுக்குச் சற்றே அதிகம். குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் போவான். அவள் இறங்கினாள். சேணப்பட்டியைத் தளர்த்தி, கழுத்தைத் தடவி, அன்று காதைக்கூட அசைக்காமல் நின்ற அவனைப் போலவே இருமல் அடங்கும்வரை நின்றாள். பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே வந்தாள்.

"திரும்பவும் புல்லா?"

"இல்ல நானா. இருமுறான், பாவம். அன்னைக்கும் புல்லு இல்ல. எனக்கு இளப்பு வந்திருச்சு, எனக்காகத்தான் நின்னான். வேல போயிருமேன்னு நான் சொல்லல."

மஃறூப் மல்லியின் விலாவில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"அவன் நோவாளின்னு எறங்கி நடந்திருக்கீங்க" என்றார் கடைசியில். "புள்ளைகள இப்பிடி ஒருத்தர்ட கையிலதான் குடுக்கலாம். ஆனா முழு நாள் ஒங்களுக்கும் ஏலாது, அவனுக்கும் ஏலாது. ரெண்டு பேருக்கும் அரப்பேருதான். வெயில் இருக்கிற நேரம் மட்டும் வாங்க. வைத்தியர் சொல்ற வரைக்கும் அவன் மேல யாரும் ஏற வேணாம், நீங்க புடிச்சு நடக்க மட்டும் விடுங்க."

அவள் கைகூப்பினாள். மாலை அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்.

கொட்டகையில் யாரும் இல்லை. வினோதா தன் பையைத் திறந்தாள். காலையிலேயே சந்தையில் வாங்கி வைத்திருந்த கரட். ஒவ்வொன்றாக மண்ணைச் சேலைத் தலைப்பில் துடைத்து வாளியில் போட்டாள். அன்று மஃறூப் திருப்பி எடுத்த அளவுக்கு, பாதி வாளி நிறைந்ததும் நிறுத்தினாள்.

மல்லி அவசரப்படாமல் தின்றான்.