தலைவரின் தங்கக் கால் ஃபோர்க்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்தவற்றில் ஆக முக்கியமான அறிவிப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு மலைச்சைக்கிள் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. கழகத்தின் நிறுவனரும், நிரந்தர முன்னோடியும், ஊர் ஊராகப் போய் மேடையேறித் தன்னம்பிக்கை விற்பவருமான தலைவர் அவர்கள், தமது மின்சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேடுபள்ளத்தில் அமுங்கி எழும்புகிற ஃபோர்க்கை மாற்றுவதென்று தீர்மானித்துவிட்டார்கள். உறுப்பினர்கள் பதினோரு பேரில் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவர் கைதவறி அழுகிற முகத்தைப் போட்டு, பதறி அழித்தார். பல் டாக்டர் மட்டும், "பழசை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

கேள்வியிலிருந்த நஞ்சு தலைவருக்குப் புரிந்தது. எல்லாவற்றுக்கும் போன ஞாயிறுதான் காரணம்.

மலையிலிருந்து இறங்கும் பாதையில் மூன்று கல்படிகள் உண்டு. தரையில் கால் ஊன்றாமல் மூன்றையும் இறங்குகிறவர்தான் வரிசைக்கு முன்னால் போகலாம். இது கழகத்தின் எழுதப்படாத சட்டம். அதைச் சொன்னதும் தலைவர், ஆறு வருஷமாக முன்னால் போனதும் தலைவர். போன ஞாயிறு இரண்டாம் படியில் ஃபோர்க் அடிமட்டம் வரை அமுங்கி, "டங்" என்று கோயில் மணி மாதிரி ஒலித்தது. தலைவர் இடது காலை ஊன்றினார். மேலே நின்ற பல் டாக்டர் பார்த்தார். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"பரவாயில்ல தலைவரே. அடுத்த ஞாயிறும் கால் ஊனினீங்கன்னா, நான் முன்னாடி போறேன்" என்றார், பத்துப் பேர் காது கேட்க.

அன்றிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே இறங்கியது. சிக்கலே அதுதான்.

அறிவிப்பு வெளியான அன்றே தலைவர் பட்டறைக்குப் போனார். பட்டறை மச்சினனுடையது, மனைவியின் தம்பி. குடும்பத்தில் எல்லோரும் அவனை மெக்கானிக் என்றே சொன்னார்கள். தலைவர் மட்டும் ஒரு விசேஷத்தில் மைக்கைப் பிடித்து, "வாழ்க்கையில் இலக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது" என்று அவனைக் கைகாட்டினார். மெக்கானிக் அன்றைக்குச் சிரித்தான். மறக்கவில்லை.

பட்டறை வாசலில் ஒரு மேடைத் தராசு கிடந்தது. மூட்டை நிறுக்கிற தராசு. காற்றடைத்த ஃபோர்க்கை ஆளின் எடைக்குத் தக்கபடிதான் நிரப்ப வேண்டும் என்பதால், தராசில் ஏறாதவர் வண்டியில் அவன் கைவைப்பதில்லை. ஏறியவரின் எடையைச் சுவரிலுள்ள கரும்பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிவிடுவான். பலகையில் பதினோரு எண்கள். முதல் எண் மட்டும் ஆறு வருஷமாக அழியாமல், மாறாமல் நின்றது: தலைவர், 75. அதற்கு மட்டும் தராசு கிடையாது. வாய்ச்சொல்.

அந்த எண் பலகையோடு நிற்கவில்லை. தலைவர் தினமும் விடியற்காலையில் குழுவுக்கு அனுப்பும் செய்திகளின் அஸ்திவாரமே அதுதான். "ஆறு வருஷமாக நான் எழுபத்தைந்து. நீ?" என்று ஒரு நாள். "உன் உடம்பை நீ ஆள்கிறாயா, அது உன்னை ஆள்கிறதா?" என்று மறுநாள்.

மெக்கானிக் வண்டியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தான்.

"ஃபோர்க்குல ஒரு குறையும் இல்ல அத்தான். காத்துதான் பத்தல. பையும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு அப்படியே தராசுல ஏறுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"இங்க பாரு மாப்ளே. ட்யூன் பண்றதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு. ஒரு கட்டத்துக்கு மேல மனுஷன் தன்னையே அப்கிரேடு பண்ணிக்கணும். அது ஒரு மனநிலை."

"மனநிலைக்கு என்கிட்ட பம்பு இல்ல அத்தான். காத்துக்குத்தான் இருக்கு."

"வாய் மட்டும் கிழியுது. போன வருஷம் வரைக்கும் இந்தச் சத்தம் வந்துச்சா?"

"போன வருஷம் வரைக்கும் நீங்க மிதிச்சீங்க. இப்ப மோட்டார் மிதிக்குது. ஏத்தத்துல அது யாரையும் எதுவும் கேக்காது, பேசாம இழுத்துக்கிட்டுப் போயிடும். இறக்கத்துல மோட்டாருக்கு வேலை இல்ல. ஃபோர்க்தான் பதில் சொல்லணும்."

"என்ன சொல்ல வர்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. தராசு சொல்லும்."

தலைவர் தராசைப் பார்த்தார். தராசும் அவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. மேடையில் ஐந்நூறு பேரை எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைக்கிற மனிதர், முழங்கால் உயரம்கூட இல்லாத ஓர் இரும்புப் பலகையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றார்.

"டாப் எண்டு ஃபோர்க் வரவழைச்சிருக்கேன். தங்கக் கலர்ல ரெண்டு கால். நல்ல ஃபோர்க் ஆளைப் பார்த்து நடந்துக்கும். நீ மாட்டற வேலையை மட்டும் பாரு."

"ஆளைப் பார்த்து நடந்துக்கறதுக்கு அது என்ன உங்க ஆபீஸ் வாட்ச்மேனா? எதை மாட்டினாலும் காத்து நான்தானே அடிக்கணும். எடை என்னன்னு வெச்சுக்கட்டும்?"

"பலகையில இருக்கே. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. அது நீங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இருந்த எடை."

"டேய், உங்க அக்காகிட்ட சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க. எனக்கும் அக்காகிட்ட ஒரு கேள்வி இருக்கு."

அந்தக் கேள்வி என்னவென்று தலைவருக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும் என்று மட்டும் உத்தரவிட்டார்.

சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனபோது பட்டறையில் பல் டாக்டர் இருந்தார். தராசின் நடுவில், கண்காட்சிக்கு வைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"நூத்தி ரெண்டு" என்றான் மெக்கானிக்.

"போன மாசத்துக்கு நாலு கூட. எழுதுப்பா, எழுது. என் வீட்டு ஆளு சமையலுக்கு ஒரு மரியாதை வேணாமா?" வெட்கமே இல்லாமல் சிரித்தார். தலைவர் முகத்தைச் சுளித்தார். இப்படியும் ஒரு மனிதன்!

"தலைவரே, உங்க பழைய ஃபோர்க்கை நான் எடுத்துக்கவா? என் வண்டியில இருக்கறது வெறும் கம்பிச்சுருள்."

"தாராளமா. கத்துக்குட்டிங்களுக்கு அது போதும்."

மெக்கானிக் அதை டாக்டர் வண்டியில் மாட்டி, காற்றடித்து, அவரை ஏறி உட்காரச் சொன்னான். ஃபோர்க் காலில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு அது மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடும். டாக்டரின் நூற்றிரண்டு கிலோவுக்கு வளையம் கால்வாசி ஏறி நின்றது, அதுதான் சரியான அளவு. அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும்புகிற வேகத்தைக் கீழேயிருந்த திருகில் நாலு சொடுக்குத் திருப்பிக் குறைத்தான். "முடிஞ்சுது."

பிறகு தலைவரின் தங்கக் கால்களில் எழுபத்தைந்து கிலோவுக்கு உண்டான காற்றை, ஒரு துளி கூடாமல் குறையாமல், மருந்து அளக்கிற பக்தியோடு அடைத்தான்.

அன்று மாலை தலைவர் வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அங்கிருந்த எடை மெஷினில் ஏறினார். இறங்கினார். சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். சட்டைக்கு எடையே இல்லை போலிருந்தது. போனை எடுத்து, "மாப்ளே, காத்து கொஞ்சம் கூட வை" என்று மச்சினனுக்கு அடித்தார். அந்த ஐந்து சொற்களை வெகுநேரம் பார்த்தார். அனுப்பினால் நாளை கால் ஊன்ற வேண்டியிருக்காது, முன்வரிசை பிழைக்கும். ஆனால் அந்தப் பயல் அதைப் படம் பிடித்துப் பலகையிலேயே ஒட்டுவான். ஆறு வருஷத்துச் செய்தி அத்தனையும் ஒரே வரியில் பொய்யாகிவிடும். எழுத்தெழுத்தாக அழித்தார். அதற்குப் பதிலாகக் குழுவில், "நாளை ஒரு புதிய உயரம்" என்று போட்டார்.

ஞாயிறு காலை, கல்படிகளுக்கு மேலே பதினோரு பேரும் நின்றார்கள். மெக்கானிக்கும் வந்திருந்தான். தலைவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், பம்பு பையில இருக்கு. காதோட ஒரு நம்பர் சொல்லுங்க, போதும்."

தலைவர் ஒரு கணம் வாயைத் திறந்தார். பின்னால் பல் டாக்டர் மூக்கைச் சிந்தினார். வேறெதற்கும் இல்லை, ஜலதோஷம். தலைவருக்கு அது சிரிப்பாகக் கேட்டது.

"எழுபத்தஞ்சு!" என்று மலை எதிரொலிக்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

முதல் படியிலேயே தங்கக் கால்கள் மண்டியிட்டன. இரண்டாம் படியில் பழைய ஃபோர்க்கைவிட விலையுயர்ந்த குரலில் "டங்" என்றது. முன்சக்கரம் அங்கேயே நிற்க, தலைவர் மட்டும் பயணத்தைத் தொடர்ந்து, மூன்றாம் படியை வண்டி இல்லாமல் கடந்து, ஒரு முள்புதரில் உட்கார்ந்தார். கால் ஊன்றவில்லை என்று வாதாட இடமிருந்தது. யாரும் வாதாடவில்லை.

பல் டாக்டர் வந்தார். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. சத்தமே இல்லை. தலைவரைத் தாண்டும்போது பிரேக் பிடித்து, "உங்க பழசு நல்லாருக்கு தலைவரே" என்றார். வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஃபோர்க்ல உற்பத்திக் கோளாறு!" முள்ளைப் பிடுங்கியபடி தலைவர் கத்தினார். "இதைவிட பெரிய மாடல் இருக்கு. நான் அதுக்கு அப்கிரேடு பண்ணப் போறேன்!"

மெக்கானிக் வண்டியை நிமிர்த்தினான். ரப்பர் வளையம் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எல்லோருக்கும் ஒரு முறை காட்டினான். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், வேணாம்" என்றார் தலைவர். முதல் தடவையாகக் குரலில் மேடை இல்லை.

"அக்கா, அத்தான் எடை எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு. நேத்து சாயங்காலம்கூட கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு தரம் பார்த்தார், மெஷின்ல நம்பர் அப்படியே நிக்குது. ஏன்டா, விழுந்துட்டாரா?"

"புதர்லதான் அக்கா. நல்லா இருக்கார்."

"சரி, வரும்போது அந்தப் பம்பைக் கொண்டா. என் வண்டிக்கும் காத்து இல்ல."

மெக்கானிக் போனைப் பையில் போட்டு, பம்பை மாட்டி, எண்ணி இருபது தடவை அடித்தான். வரிசையின் கடைசியில் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

தலைவர் வண்டியை மேலே உருட்டிக்கொண்டு போய் மறுபடி இறங்கினார். புது ஃபோர்க், டாக்டர் வண்டியிலிருந்த பழைய ஃபோர்க் மாதிரியே சத்தமில்லாமல் இறங்கியது.