நாற்பத்து மூன்று மரங்கள்

ஆகஸ்ட் மாதம், ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அமெரிக்காவில் ஒரிகன் கடற்கரையை ஒட்டிய அந்தச் சின்னப் பள்ளத்தாக்கின் சனம் முழுக்க அன்று கரையில் நின்றது. வேரோடு கொண்டுவந்த பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தை பொக்லைன் தூக்கிப் பிடித்திருந்தது. ஓடைக்குள் மரம் கிடந்தால்தான் வெள்ளத்தின் வேகம் குறையும், கூழாங்கல் தங்கும், சால்மன் மீன் வந்து முட்டையிடும். இது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஐனருக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது. இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது.

"மரத்தையெல்லாம் வழிச்சுட்டுப் போன அந்தக் கம்பெனிக்காரனுங்களக் கூட்டிட்டு வந்து இந்தத் தண்ணியில முக்கணும்," என்றாள் டோரீன். ஓடைக் காப்புக் குழுவின் தலைவி. வாயைத் திறந்தால் யாருக்காவது அர்ச்சனைதான். "என்ன ஐனர், நீங்க என்ன சொல்றீங்க?"

"முக்கலாம்," என்றார் ஐனர்.

இருபது வருஷமாக இதே பதில். நாக்குக்குப் பழகிவிட்டது.

கம்பெனி மலையை மொட்டையடித்தது உண்மை. ஆனால் ஓடைக்குள் கிடந்த மரங்களை அறுத்துத் துடைத்தது ஐனர். முப்பது வயதில், நாலு நண்பர்களோடு, ரம்பமும் இரும்புக் கயிறுமாக இரண்டு கோடைக்காலம். மீன் தடையில்லாமல் ஏறட்டும் என்று நம்பி அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலைதான். கூலிகூட வாங்கவில்லை, மீன்மேல் அவ்வளவு பாசம். அந்த நால்வரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காட்டிக்கொடுக்க ஆளில்லை என்றான பிறகு மனிதர் சும்மாவாவது இருந்திருக்கலாம். திட்டுகிறவர்களோடு சேர்ந்து அவரும் கம்பெனியைத் திட்டினார்.

மீன் ஆய்வாளர் கேசி ஓரிடத்தில் கொடி நட்டாள். "இங்க இறக்குங்க."

தப்பான இடம். முதல் வெள்ளத்திலேயே மரம் புரண்டு பாலத்தில் போய் முட்டும். ஊர் இரண்டு வருஷம் உழைத்தது அத்தனையும் வீண். சரியான இடம் ஓடையில் இருபதடி மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க வேண்டாம்மா," என்றார் ஐனர். "மேல, அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல வேர் போகணும். எந்த வெள்ளமும் அசைக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கேசி.

"அங்க ஒரு தேவதாரு கிடந்துச்சு. எங்கப்பா காலத்துலேருந்து. நான்தான் அறுத்து இழுத்துப் போட்டேன்." "கம்பெனி இல்ல. நான்."

டோரீன் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஐனருக்கு முகம் எரிந்தது. யாரையும் பார்க்கமுடியாமல் தண்ணீரைப் பார்த்தார்.

கேசி பாறைக்குப் போய், இரும்புக் கயிறு அரைத்த தடத்தைத் தடவினாள். பிறகு பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்தாள்.

"மத்த மரங்க கிடந்த இடம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நாப்பத்து மூணும்."

"முக்குறத அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் டோரீன். "நடங்க. ஒண்ணொண்ணா காட்டுங்க."

ஐனர் ஓடைக்குள் இறங்கினார். ஊர் பின்னால் இறங்கியது. நாற்பத்து மூன்று இடத்திலும் நின்று கை நீட்டவேண்டும், அத்தனை பேர் பார்க்க.