ரெண்டு முன்ன பின்ன

என் வீட்டுக்காரர் உலகநாதனுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சமையல்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருகிற மனுஷன். அவரைக் கட்டிக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அவருக்குக் கடல் ஆராய்ச்சி ஆபீசில் வேலை. சாட்டிலைட்டிலிருந்து ராடார் அலையை அனுப்பி, கடலில் பட்டுத் திரும்புவதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கண்டுபிடிப்பார்களாம். தொண்ணூறுகளில் அது புதுசு. நம் கொரட்டூர் ஏரி காற்றில்லாவிட்டால் கண்ணாடி மாதிரி கிடக்கும், அடித்தால் சிலிர்க்கும் இல்லையா? அந்தச் சிலிர்ப்பில்தான் கணக்கே இருக்கிறதாம்.

பக்கத்து போர்ஷன் ஜஹானாராவுக்கு இந்தக் கணக்குத்தான் உயிர். அவள் புருஷன் நஜீர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் எங்கே போகிறது என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு, இவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் வந்து நிற்பாள்.

"அண்ணே, எங்கூட்டுக்காரரு கீற எடத்துல காத்து எப்டி?"

"நொடிக்கு ஏழு மீட்டர்மா. ரெண்டு முன்ன பின்ன இருக்கும்."

அந்த வாலை ஒட்டாமல் இவர் எதையும் சொன்னதில்லை. கருவி அவ்வளவுதான் சொல்லும், அதற்கு மேல் சொன்னால் தப்பு என்பார்.

ஒரு ஐப்பசியில் வங்கக்கடலில் புயல். சாட்டிலைட் பட்டை பட்டையாகத்தான் கடலைப் பார்க்கும். அன்றைக்குப் பார்த்து நஜீர் கப்பல் இரண்டு பட்டைக்கு நடுவே சிக்கிவிட்டது. அங்கே காற்று எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஜஹானாராவோ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிற்றில் ஏழு மாசப் பிள்ளை வேறு. தெருமுனையிலேயே இவரை மடக்கினேன்.

"ஏதோ ஒரு நெம்பர் சொல்லுங்க. இன்னா கொறஞ்சிடும்?"

"தெரியாதத எப்டி புஷ்பா சொல்றது?"

நான் முறைத்த முறைப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் அவள் நின்றிருந்தாள். சைக்கிள் பெல்லைப் பார்த்துக்கொண்டே, "எட்டு மீட்டர்மா" என்றார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அவள் நான் போட்ட ரசஞ்சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இவர்தான் சாப்பிடவில்லை. திருடிவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

மறுநாள் முதல் ரயிலைப் பிடித்து ஆபீசுக்கு ஓடினார். மத்தியானமே வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"புயல் வடக்கே போயிடுச்சுமா. கப்பல் கிட்ட காத்து ஒம்பது மீட்டர்தான். ரெண்டு முன்ன பின்ன இருக்கும்."

ஜஹானாரா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நேத்து முன்ன பின்ன சொல்லலியே அண்ணே. அப்பவே பொய்யின்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் எப்டிடி சாப்ட்ட?" என்றேன்.

"அண்ணனே எனக்கோசரம் பொய் சொல்லிக்கீறாரு. நா சோறு துன்னாம இருந்தா நல்லாவா இருக்கும்க்கா?"