இரண்டாவது கையெழுத்து

அனுசுயா சீனிச்சாமிக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய். எம்.டெக். முதல் செமஸ்டர் ஃபீஸில் அவ்வளவுதான் குறைந்தது. கட்டக் கடைசி நாளன்று, லேபில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அவர் சீட்டு எடுத்த பணத்தை ஈரக்கை என்றும் பாராமல் திணித்துவிட்டுப் போனார். இரண்டு வருஷமாகிவிட்டது. அவள் எப்போது கொடுக்கப் போனாலும், "படிப்பு முடியட்டும் கண்ணு, பணம் எங்க ஓடிப்போகுது" என்று கையை ஆட்டிவிடுவார்.

சாயப்பட்டறை லேபில் அவர் மூத்தவர். ஐம்பத்தாறு வயது, மங்கலத்திலிருந்து மொபெட்டில் வருவார். அவள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். பதினாறு வயதில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். இருபது தாண்டித்தான் பத்தாவது எழுதினாள். அதற்கப்புறம் டிப்ளமோ, டிகிரி எல்லாம் நின்றுகொண்டே படித்த படிப்பு. இப்போது முப்பத்தாறு. அப்பாவும் அம்மாவும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். வரிசைவீட்டில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, துணி வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்தால் போதாது. இரண்டு பேர், ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியாகப் பார்த்து, ஒரே அட்டையில் இரண்டு கையெழுத்துப் போட்டால்தான் துணி வெளியே போகும். ஒற்றை ஆளின் கண் ஏமாறும், பசியில் ஏமாறும், தூக்கத்தில் ஏமாறும் என்பது அந்தப் பட்டறையின் கணக்கு. முதல் கையெழுத்து சீனிச்சாமி. இரண்டாவது அனுசுயா.

கோயமுத்தூரில் வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. நாலேகாலுக்குக் கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். துணியோ ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் மிஷினிலிருந்து இறங்கும். அதற்குச் சீனிச்சாமியே ஒரு வழி பண்ணினார். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, செல்லில் படமெடுத்து அனுப்புவார். அவள் பார்த்துப் பதில் போட்டதும், அவளுடைய கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார்.

"செல்லுல பாத்தா கலர் தெரியுமாண்ணே?" என்று முதல் நாள் கேட்டாள்.

"தெரியுதோ தெரியிலையோ, நீ பாக்காம உன்ர கையெழுத்தப் போட்டா அது பொய்யி. பாத்துட்டுச் சொன்னீன்னா பொய்யில்ல பாரு."

மனசாட்சிக்குப் பயந்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள். சாயம் நிறுக்கும் மருதாளுக்கு அது தினமும் ஒரு கேலி. "ஏனுங்க சீனியண்ணா, காலேஜுப் புள்ளைக்கு லெட்டரு போயிருச்சுங்களா?" என்பாள். "போயிருச்சு. பதிலுக்குத்தான் காத்துக் கெடக்கறேன்" என்று அவரும் சிரிக்காமல் சொல்வார். மறுநாள் காலையில் இதை யாராவது சொல்லிக் கேட்டால்தான் அனுசுயாவுக்குத் தானும் அங்கே ஓர் ஆள் என்று படும். வகுப்பில் அப்படி யாரும் இல்லை. கூட இருப்பவர்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. அவள் துணியில் ஒட்டியிருக்கும் ஆசிட் நெடிக்கு முதல் வாரம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், அப்புறம் அவள் தானாகவே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். புராஜெக்டுக்கு மூன்று பேர் ஒரு குழு. வேலையைப் பிரிக்கும்போது, "அக்கா, நீங்க பட்டறை டேட்டா மட்டும் கொண்டாந்துருங்க, மத்தது நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மோனிஷா. நல்ல பெண்தான். கேன்டீனுக்குப் போகும்போது மட்டும் கூப்பிட மறந்துவிடுவாள்.

அந்த வியாழக்கிழமை குழுவின் ரிவ்யூ. இந்தத் தடவை தானும் பேசுவேன் என்று அனுசுயா பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தாள். பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் செல் அதிர்ந்தது. சீனிச்சாமியின் படம். திறக்கவில்லை. சரி என்பதற்கான கட்டைவிரல் பொம்மையை மட்டும் தட்டி அனுப்பிவிட்டு எழுந்து போனாள். நன்றாகத்தான் பேசினாள். புரொபசர் இரண்டு தடவை தலையாட்டினார்.

அந்தப் படத்திலிருந்தது அறுநூற்று நாற்பது கிலோ பச்சைத் துணி. குழந்தைகள் சட்டைக்கு. வெட்டுமேஜைக்குப் போனபிறகு பையருடைய ஆள் வந்து, மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று தள்ளிவிட்டுப் போனான். வெட்டாமல் மிஞ்சியதைக் கறுப்பில் முக்கி எடுத்தார்கள். கப்பலும் தவறிப்போனது.

மேனேஜர் அருள்குமார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"நாலேகாலுக்கு கேட்டுல பஞ்ச் பண்ணிட்டுப் போயிருக்கீங்க. இந்தக் கையெழுத்து ஏழு மணிக்குப் போட்டது. எப்படிங்க அனுசுயா? அடுத்த மாசத்துல இருந்து லேப் இன்சார்ஜ் நீங்கதான்னு எம்.டி.கிட்டச் சொல்லி லெட்டரும் அடிச்சாச்சு. இப்ப நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அந்த லெட்டர் அட்டைக்குப் பக்கத்திலேயே கவரில் இருந்தது. செல் அவள் கையில் இருந்தது. படம் வந்தது சார், சரியென்று நான்தான் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. செக்கிங் டேபிளிலிருந்து இந்த மேஜைவரைக்கும் வர இருபது வருஷம் ஆகியிருந்தது.

"அது நாந்தானுங்க போட்டது, சார்" என்றார் சீனிச்சாமி. உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றிருந்தார். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

படத்தைப் பற்றி இப்போது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவருடைய செல் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. அவர் கை அங்கே போகவேயில்லை.

"சார்…" என்றாள்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சார்."

அன்றோடு சீனிச்சாமியின் வேலை போயிற்று. வண்டி நிறுத்துமிடத்துக்கு அவள் ஓடிப்போனபோது அவர் மொபெட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே…" என்றதும் நின்றார், திரும்பவில்லை. "நேரமாச்சு. நீங்க க்ளாஸுக்குக் கெளம்புங்க" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னது அன்றுதான்.

லேப் இன்சார்ஜ் ஆனபிறகு முதல் கையெழுத்து அவளுடையதாயிற்று. இரண்டாவதற்கு மருதாளைப் பழக்கினாள். மருதாள் லைட் பாக்ஸ் பக்கம் குனிவதற்கு முன்னாலேயே பேனாவைத் திறந்துவிடுவாள். "பாத்துட்டுப் போடுங்கக்கா" என்றால், "நீங்க பாத்தாச் சரிதானுங்க மேடம்" என்பாள். அனுசுயா என்றே கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்பாள். அனுசுயா உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். மத்தியானம் அவளுக்கென்று தனி மேஜை துடைத்து வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து தயிர்ச்சாதத்தைத் தின்றுகொண்டே, மிஷின் ரூமிலிருந்து வரும் சிரிப்பு எதற்கென்று ஊகித்துக்கொண்டிருப்பாள்.

புதுச் சம்பளம் ஏறிய அன்று மருதாள் நிறுவைத்தட்டைத் துடைத்தபடி யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "சீனியண்ணாவுக்கு ஆப்ரேசனாமுங்க. ரெண்டு கண்ணுலயும் பொரை உளுந்துருக்குது. மூணு வருசமாவே இருந்திருக்கும், எப்படிய்யா கலரு பாத்தேன்னு டாக்டரு கேட்டாருங்களாம்."

அனுசுயா அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். மங்கலத்துக்கு அரைமணிக்கொரு பஸ் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பும் இருந்தது. திருப்பூர் ஸ்டேஷனில், ரயில் வருவதற்கு முன்னால், நின்றபடியே செல்லில் இருபதாயிரம் அனுப்பினாள். வட்டியென்று நினைக்கவில்லை, அந்தத் தொகையை மட்டும் அனுப்பக் கை வரவில்லை.

ரயில் வஞ்சிபாளையம் தாண்டியபோது செல் அதிர்ந்தது. ஆயிரத்து முன்னூறு ரூபாய் திரும்பி வந்திருந்தது. கூட ஒரு எழுத்துகூட இல்லை. இனி அவருக்கு அவள் தர வேண்டியது எதுவும் இல்லை.

அவர் அனுப்பிய பழைய செய்திகளைத் திறந்தாள். இரண்டு வருஷத்துப் படங்கள். கடைசியில் அந்த வியாழக்கிழமைப் படம், இன்னும் திறக்காமல் மங்கலான ஒரு சதுரமாக இருந்தது. செல்லில் கலர் தெரியாது என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டாள். சோமனூர்ப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சாம்பல் நிறப் பெட்டிக்குள் இரண்டு துண்டுகள். ஓரத்தைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல், நகத்தில் நீலம். இரண்டும் இரண்டு பச்சை. ஓடுகிற ரயிலில், கீறல் விழுந்த கண்ணாடியில், யார் பார்த்தாலும் தெரியும். அதற்குக் கீழே, "பாத்துச் சொல்லு கண்ணு, எனக்குப் புடிபடல" என்று இருந்தது. அதற்கும் கீழே அவள் அனுப்பிய கட்டைவிரல், பளிச்சென்ற மஞ்சளில், நிமிர்ந்து நின்றது.