கையை நீட்டிப் படிக்கக் கூடாத கதை

1

இந்தக் கதை ஒரு முடியிலிருந்து பிறந்தது. தலைமுடிதான். அரை விரல் நீளம், முக்கால் நரை. (முழு நரை என்றுதான் முதலில் எழுதினேன். முடிக்குச் சொந்தக்காரர் என் அண்ணன். கோபித்துக்கொள்வாரே என்று கால் பங்கு கறுப்பு சேர்த்தேன்.)

அண்ணன் கப்பல்களின் அடிவயிற்றைப் படம் எடுப்பவர். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது தண்ணீருக்குள் இறங்கி, எங்கே துரு, எங்கே விரிசல், எங்கே சிப்பி என்று படம் பிடித்துக் கம்பெனிக்குக் கொடுப்பார். அந்தக் கேமரா நனையாமல் பார்த்துக்கொள்பவர் அண்ணி. வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை வைத்திருக்கிறார். கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும் அலுமினியப் பெட்டிக்கு ஹவுசிங் என்று பெயர். அதன் முன்பக்கம் லென்ஸுக்கு நேராக, பாதி பந்து போல் புடைத்து நிற்கும் கண்ணாடிதான் டோம். பெட்டியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் உட்காரும். அந்த வளையத்தின் மேல் ஒரு முடி கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

இவ்வளவுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தேர்வெல்லாம் கிடையாது.

2

முதல் வரிக்காகப் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

"கடல் என்பது முடிவற்ற" (ஐயோ, வேண்டாம்.)

"கப்பலுக்கு அடியில் இறங்குகிறவனுக்குக் கண்தான் தெய்வ" (அண்ணன் சிரிப்பார்.)

"அவருடைய கண்கள் கழுகின் கண்கள்." இது எனக்குப் பிடித்திருந்தது. பட்டறையில் உட்கார்ந்து அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு டோமை மெருகேற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"யாருக்குக் கழுகுக் கண்ணு?"

"அண்ணனுக்கு."

"ம்ம்," என்றார். மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அந்த 'ம்ம்'மை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். கதாசிரியன் என்றால் சும்மாவா, உவமையின் மயக்கத்தில் இருந்தேன்.

அண்ணன் உள்ளே வந்தார். டோம் எதற்கு, தட்டையான கண்ணாடி போதாதா என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. வேலையைப் பற்றி வாய் திறந்தால் அவரை நிறுத்த முடியாது.

"தட்டைக் கண்ணாடி போட்டா, தண்ணிக்குள்ள எல்லாம் பெரிசாத் தெரியும், ஓரம் வெட்டுப்படும். அகலமாப் பாக்கற லென்ஸ் வாங்கினதே வீண். டோம் போட்டா ஓரம் வரைக்கும் முழுசா வரும். ஆனா ஒரு விஷயம்டா. அப்ப லென்ஸ் நேரா கடலைப் பாக்கறதில்ல. கண்ணாடிக்கு முன்னாடி, இந்தா, ஓரடி தூரத்துல கடலோட பிம்பம் ஒண்ணு நிக்கும். லென்ஸ் அதைத்தான் பாக்கும். எவ்வளவு தள்ளி இருக்கற சாமானும் அந்த ஓரடிக்குள்ள அடக்கம்."

"அப்ப எல்லா லென்ஸும் சரிப்படுமா?"

"அதெப்படி? பழைய லென்ஸ் சிலது தூரத்துல இருக்கறதை ராஜா மாதிரி பாக்கும். கிட்ட வந்தா மொத்தமும் மங்கல். கடல் மொத்தமும் போச்சு."

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி சின்னதா ஒரு கண்ணாடியை மாட்டிட வேண்டியதுதான். அதுல என்ன வெக்கம்?"

அண்ணிக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் அண்ணன்.

(இந்த உரையாடலை நான் ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் இவ்வளவு பச்சையாகச் செய்திருக்க மாட்டேன்.)

3

இப்போது முடி.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெட்டியை யார் மூடுகிறாரோ அவர்தான் வளையத்தைப் பார்த்துத் துடைக்க வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது. அன்றைக்கு அண்ணன் வளையத்தைக் கையில் எடுத்தார். முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். கொஞ்சம் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிப் பெட்டியை மூடினார்.

பிறகு சோதனை. பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன பம்பால் உறிஞ்சி எடுப்பார்கள். பச்சை விளக்கு நின்று எரிந்தால் பெட்டி பத்திரம். அன்றைக்குச் சிவப்பு சிமிட்டியது.

"உன் பம்புதான் கோளாறு," என்றார் அண்ணன்.

அண்ணி பெட்டியைத் திறந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கறுப்பு வளையத்தின் மேல், சாவகாசமாகப் படுத்திருந்தது அந்த முடி.

"இதோ இருக்குங்க."

"எங்க?"

"இதோ."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார். "அட ஆமா," என்றார். ஆனால் அவர் பார்த்தது முடியை அல்ல. அண்ணியின் விரல் காட்டிய திசையைத்தான்.

4

ஒரு கதைக்கு இது போதும் என்று வீட்டுக்கு ஓடிவந்து முடிவுகளை எழுதினேன்.

முடிவு (அ): சோதனை செய்ய மறக்கிறார்கள். பெட்டி ஒழுகுகிறது. கேமரா சாகிறது. கணவன் மனைவி சண்டை.

அண்ணிக்கு அனுப்பிவைத்தேன். உடனே போன் வந்தது. "என் பட்டறையில சோதனை பண்ண மறந்துட்டாங்கன்னு எழுதுவீங்களா தம்பி? என் பொழப்பைக் கெடுக்கத்தான் பேனா பிடிச்சீங்களா? அடிங்க அதை."

அடித்தேன். கதாபாத்திரம் நேரில் திட்டுவது எந்த எழுத்தாளனுக்கும் வரக் கூடாத கஷ்டம்.

முடிவு (ஆ): அவர் கப்பலுக்கு அடியில் இருக்கிறார். மேலே இரும்பு, கீழே இருட்டு. முதுகில் உள்ள உருளையில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன வட்டைக் கையில் எடுக்கிறார். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். கையைக் கொஞ்சம் நீட்டுகிறார். இன்னும் நீட்டுகிறார். கை அதற்கு மேல்

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். அதை என்னால் முடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். அது கதாபாத்திரம் இல்லை, என் அண்ணன். கழுகுமில்லை. வெள்ளெழுத்து விழுந்து கிட்டத்தில் இருப்பது மங்கிப்போன, அதை ஒப்புக்கொள்ள மாட்டாத ஒரு மனுஷன்.

5

"அண்ணி, அண்ணனுக்குக் கிட்டத்துல..."

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார் போனில். "ஜாடையா ஒரு தடவை சொன்னேன். நான் என்ன கிழவனான்னு கேட்டுட்டு நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தார். டாக்டர்கிட்ட போய் பவர் மட்டும் கேட்டுட்டு வந்தா, அவர் தண்ணிக்குள்ள போடற முகமூடியில கீழாப்புல சின்னதா லென்ஸ் ஒட்டித் தர்றது எனக்கு ஒரு வேலையே இல்ல. முள்ளு பளிச்சுனு தெரியும். போகணுமே."

"அடுத்த கப்பல் எப்போ?"

"வந்தாச்சு. பெட்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு, உதிரி பாகம் வரலைன்னு பொய் சொல்லி உக்காத்தி வச்சிருக்கேன். இந்த மாசம் தாங்கும். அதுக்கு மேல சந்தேகப்படுவார்."

"நான் பேசட்டுமா?"

"நீங்க பேசினா கேக்க மாட்டார். எழுதுங்க. நீங்க எழுதறதுல தப்புக் கண்டுபிடிக்கறதுன்னா அவருக்கு அல்வா மாதிரி."

"அதெங்க அண்ணி, இப்பல்லாம் தப்பே சொல்றதில்லையே. போன கதைக்கும் சரி, அதுக்கு முந்தினதுக்கும் சரி, 'நல்லா இருக்குடா'ன்னு ஒரே வார்த்தை."

மறுமுனையில் கையிலிருந்த எதையோ மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி," என்றார் அண்ணி, மிக மென்மையாக. "அவர் உங்க கதையைப் படிச்சே ரொம்ப நாளாச்சு."

(இந்த இடத்தில் வாசகர் சிரித்துக்கொள்ளலாம். என் எழுத்து ஒருவழியாகத் தேறிவிட்டது என்று நினைத்து, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.)

6

ஆகவே, இது இனி கதை மட்டுமில்லை, பொறியும்கூட. இதழ் ஆசிரியரிடம் கெஞ்சி, இதை இருப்பதிலேயே பொடி எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தொல்லை கொடுத்ததற்கு மன்னியுங்கள். பொறிக்குள் தீனியும் வைத்திருக்கிறேன். கீழே வருவது அது:

டோமின் வெளிப்பக்கம் லேசாகக் கீறல் விழுந்தாலும் போச்சு. தண்ணீருக்குள் அந்தக் கீறல் பல மடங்கு பெரிதாகத் தெரியும். டோமைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

தப்பு. படுமோசமான தப்பு. சரியானது எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்டு இந்த வரியைப் படித்தால், என் அண்ணனால் பேசாமல் இருக்க முடியாது. ரத்தம் கொதிக்கும். போனை எடுத்து, முட்டாளே என்று ஆரம்பிப்பார். படிக்காவிட்டால் வழக்கம்போல, நல்லா இருக்குடா.

பொறியைப் பொறிக்குள்ளேயே எழுதிவைத்தால் அவருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். தெரியட்டுமே. தெரிந்தால் படித்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு வேறென்ன வேண்டும்?

முடிவு என்னிடம் இல்லை. நான் எழுதி அனுப்பியாகிவிட்டது. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் இதழ் அந்த வீட்டுக்கும் போயிருக்கும். உதிரி பாகம் பற்றிய பொய்யும் தீரும் நாள். கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கிறது. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதுதான் முடிவு, நல்லதாக நினையுங்கள்.

எனக்குத் தெரிந்து, முதலில் நடக்கப்போவது ஒன்றே ஒன்று. அண்ணன் இதழைக் கையில் எடுப்பார். கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். இன்னும் கொஞ்சம். பிறகு, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பட்டறைக்கு இறங்கி வந்து இதை அண்ணியிடம் நீட்டுவார்.

அண்ணி, தயவுசெய்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.