வாய் பொத்தாதவர்

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஆடி மாதத்தில், அடி அண்ணாமலையை அடுத்த எங்கள் சிற்றூரில் காய்ச்சல் கணக்கெடுக்கும் பணிக்கு நான் அமர்த்தப்பட்டேன். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் என் பொறுப்பில் விடப்பட்டன. நாள்தோறும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்து வெப்பத்தை அளப்பதும், இருமல் உண்டா என வினவுவதும், வெளியே செல்வோர் முகக்கவசம் அணிகின்றனரா என்பதைக் குறிப்பேட்டில் பதிவதும் என் கடமைகள். நூற்றுப் பதினோரு வீடுகளுக்கு நேராக 'ஆம்' என்று எழுதினேன். 'இல்லை' என்று எழுத நேர்ந்த ஒரே வீடு, நான் வாழும் வீடு.

அவ்வீட்டில் நானும் என் மாமனார் சுப்பனும் மட்டுமே இருந்தோம். மாமியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் மாறன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார்; ஊரடங்கால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். மாமனாருக்கு அகவை அறுபத்தொன்பது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு காசநோய் அவருடைய வலப்புற நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது. கொரோனா வந்தால் இவர் தாங்கமாட்டார் என மருத்துவர் என்னிடம் ஒளிவுமறைவின்றிக் கூறியிருந்தார்.

அவரோ கிரிவலப் பாதையோரத்தில் இளநீர்க் கடை வைத்திருந்தார். பௌர்ணமிக் கூட்டம் தடைசெய்யப்பட்டிருந்தபோதிலும், உள்ளூர் மக்கள் இளநீரைக் கைவிடவில்லை. காய்ச்சலுக்கு நல்லது என்று எவரோ சொல்லிவிட்டமையால் முன்னினும் மிகுதியாக வந்தனர். வந்தவர்கள் கைக்கெட்டும் தொலைவில் நின்று பேசினர், சிலர் இருமினர். அவர் முகத்திலோ ஒரு நூலிழைகூட இல்லை.

அவரைத் தூய்மை அறியாதவர் என எவரும் சொல்ல இயலாது. தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவர் செம்பில் உதடு பட நீர் அருந்தியதில்லை. தூக்கி ஊற்றியே குடிப்பார். செருப்பு வாசலைத் தாண்டாது. கடையிலிருந்து வந்தவுடன் கால் கழுவாமல் உள்ளே நுழையமாட்டார். அரசு சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னபோது, அதற்கு முதலில் இணங்கியவர் அவரே. வாசலில் ஒரு வாளியும் சோப்பும் அவரே கொண்டுவந்து வைத்தார். செங்கம் சாலை விடுதிகளில் தங்கும் வெளிநாட்டவரைப் பற்றி அவருக்கு ஒரு முடிவான கருத்து இருந்தது.

"வாய வெச்சுக் குடிச்ச பாட்டில மூடி அப்படியே பையில போட்டுக்கறான். செருப்போட கட்டில் வரைக்கும் போறான். பேப்பர்ல தொடச்சிக்கறான். அவன் நமக்கு சுத்தம் சொல்ல வர்றான்" என்பார்.

முகக்கவசம் என்ற சொல்லை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

நான் பலவாறு முயன்றேன். மெல்லிய பருத்தித் துணியில் மூன்று முகக்கவசங்கள் தைத்துக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றை இளநீர் சீவும் அரிவாளின் பிடிக்குச் சுற்றியிருந்தார். துண்டறிக்கையை எழுத்துக்கூட்டாமல் முழுவதும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நன்றாகப் படிக்கிறாய் என்று பாராட்டினார். அபராதம் போடுவார்கள் என்று அச்சுறுத்தினேன், போடட்டும் என்றார். கணவரிடம் தொலைபேசியில் முறையிட்டேன். அப்பா ஒன்று முடிவு செய்துவிட்டால் மாற்ற முடியாது, விட்டுவிடு என்றார் அவர். நான் விடுவதாக இல்லை.

ஒரு நாள் மாலை, அவர் கால் கழுவி உட்கார்ந்தபின், ஹிரோமி அம்மாவைப் பற்றிக் கூறினேன். பெருந்தொற்றுக்கு முன்பு ரமணாசிரமம் பகுதியில் ஒரு விடுதியில் நான் அறைகளைத் துப்புரவு செய்துவந்தேன். ஜப்பானிலிருந்து வந்த அந்த அம்மையார் அங்கே தங்கியிருந்தார். ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் அவர் விரைந்து முகக்கவசத்தை அணிந்துகொண்டார். என் வியர்வை நாற்றம் பொறுக்காமல்தான் மூடுகிறார் என்று எண்ணி, இரண்டு நாட்கள் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. பின்னர் அவரே என் சினத்தை உணர்ந்து, தமக்குச் சளி பிடித்திருப்பதாகவும், அது எனக்கு ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகவே மூடியதாகவும் கைச்சாடையால் விளக்கினார். அவர்கள் நாட்டில் அது அடுத்தவருக்குக் காட்டும் மரியாதை என்றும் அறிந்துகொண்டேன்.

மாமனார் இதை முழுவதும் கேட்டார். பின்பு அமைதியாகச் சொன்னார்:

"அவங்க ஊர்ல யாரும் அவங்கள வாயப் பொத்துடான்னு சொல்லிருக்க மாட்டாங்கம்மா."

எனக்கு விளங்கவில்லை. விளக்கும்படி கேட்டேன். தோளில் கிடந்த துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

அவருடைய இளமையில் எங்கள் தெருவினர் பண்ணையாரின் பெரிய வீட்டு வாசலில் நிற்க நேர்ந்தால், தோளில் துண்டு இருக்கக்கூடாது. அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வலக்கையால் வாயைப் பொத்தியபடியே பேச வேண்டும். இவர்களுடைய மூச்சு அவர்கள்மீது பட்டால் தீட்டு. மாறன் பிறந்த அன்று காலை, மாமியாருக்கு வலி கண்டு நிலைமை மோசமாகவே, மருத்துவமனைக்குச் செல்ல மாட்டுவண்டி கேட்டுப் பெரிய வீட்டு வாசலில் போய் நின்றார். கைக்குள்ளிருந்து வந்த சொல் அவ்வீட்டுப் பெரியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'இன்னாடா? சத்தமா சொல்றா' என்றாராம். மீண்டும் சொன்னார். மீண்டும் கேட்கவில்லை. மூன்றாம் முறை, கையை எடுத்துவிட்டு, வாய் திறந்து சொன்னார். கையை எடுத்த குற்றத்துக்காக வண்டி மறுக்கப்பட்டது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நண்பர்கள் மூவருடன் பெரிய சாலை வரை மாமியாரைச் சுமந்து சென்றார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"அன்னிக்கு எடுத்த கை. நாப்பத்திரண்டு வருஷமாச்சு. திரும்ப வெக்க மாட்டேன்."

அவர் கூறியதை என்னால் மறுக்க இயலவில்லை. ஆயினும் அவருடைய நுரையீரல் நேற்று இருந்த நிலையிலேயே இன்றும் இருந்தது. அவருடைய நியாயம் கிருமிக்குத் தெரியாது.

இது எல்லோருக்கும் பொதுவான விதி, தாழ்ந்தவருக்கு மட்டும் உரியதன்று என்று அவரிடம் எடுத்துரைக்கலாம் எனத் திட்டமிட்டேன். சான்று காட்டுவதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தேன். பெரிய வீட்டுக்கு நேராக என் கையெழுத்தில் இருபத்து மூன்று 'ஆம்'கள் இருந்தன. அவற்றைப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்குப் புலப்பட்டது.

அந்தப் பெரியவரின் மகன் ராஜமாணிக்கம் இப்போது அவ்வீட்டின் தலைவர், ஐம்பது கடந்தவர், ஊராட்சியில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நான் சென்ற ஒவ்வொரு நாளும் அவருடைய முகக்கவசம் தாடையில்தான் தொங்கியது. பேசும்போது இறக்குவார், பேசி முடித்தபின் ஏற்றவும் மாட்டார். நான் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் தெருவிலோ, மூக்கு சற்றே தெரிந்தாலும் தெருக்கோடி வரை கேட்கும்படி கடிந்துகொண்டேன். மாமனார் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விதி பொதுவானது என்று நான் சொல்லியிருந்தால், அது பொய்யாகவே இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதலில் பெரிய வீட்டுக்குச் சென்றேன். ராஜமாணிக்கம் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, நலம் விசாரித்தார். நான் சொன்னேன்:

"ஐயா, பேசும்போதுதான் போட்டுக்கணும். மூக்குக்கு மேல ஏத்துங்க."

அவர் சிரித்தார். "இன்னா தனம், எங்க வூட்டுக்குள்ள வந்தே சட்டம் பேசுற?"

அவர் ஏற்றும்வரை வெப்பம் அளக்கமாட்டேன் என்று கூறி, கருவியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பணிக்கு ஆள் மாற்றுவது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம் என்று அவர் விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னார். அது விளையாட்டன்று என்பது இருவருக்கும் தெரியும். மாற்றினாலும் இன்று மாலை வரை நான்தான் என்று பதிலளித்தேன். அவர் ஏற்றவில்லை. நானும் அளக்கவில்லை. அன்றைய கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அவர் காணும்படி குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு வெளியேறினேன்.

நண்பகலில் ஓர் அட்டையைக் கடையில் கட்டினேன். 'முகக்கவசம் அணிந்தவருக்கே இளநீர். யாராக இருப்பினும்' என்று பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தேன். மாமனார் அதை ஏறிட்டுப் பார்த்தார். "நானே போடல. வர்றவனுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். அவர் போடவேண்டும் என்று இன்று கேட்கப்போவதில்லை, வருகிறவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பிற்பகல் முழுவதும் கடையருகிலேயே நின்றேன்.

ஐந்து மணியளவில் ராஜமாணிக்கம் வண்டியில் வந்து இறங்கினார். வாரந்தோறும் அவர் இளநீர் அருந்தும் இடம் அதுதான். முகக்கவசம் தாடையில் இருந்தது. முன்பே மூவர் முகம் மூடிக் காத்திருந்தனர்.

"சுப்பா, வழுக்கையா ஒண்ணு சீவு" என்றார், தம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவரை நோக்கி.

மாமனாரின் கை அரிவாளுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்தார். நான் அட்டையைக் காட்டினேன்.

"ஐயா, காலைல சொன்னதுதான். இங்க நோயாளி ஒருத்தர் இருக்காரு. அவரு முன்னாடி நிக்கறீங்க. மூக்குக்கு மேல ஏத்துங்க."

காத்திருந்த மூவரும் தரையைப் பார்த்தனர். ராஜமாணிக்கம் அட்டையைப் படித்தார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். காத்திருந்தவர்களுள் ஒருவர் தம் முகக்கவசத்தை மூக்கின்மீது நன்றாக அழுத்திவிட்டுக்கொண்டார். அதைக் கண்டோ, வேறு எதனாலோ, ராஜமாணிக்கம் தம்முடையதை மெல்ல மேலே இழுத்தார். வாய் மறைந்தது, பின்பு மூக்கும் மறைந்தது. துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

மாமனார் தலையைச் சற்று சாய்த்தார்.

"சரியா கேக்கல. சத்தமா சொல்லுங்க."

குரலில் ஏளனம் இல்லை, சினமும் இல்லை. அச்சொற்களை ராஜமாணிக்கம் முன்பு கேட்டிருந்தாரா, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அன்று அவ்வாசலில் நின்றாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் மீண்டும் சொன்னார், உரக்க:

"ஒரு எளநீ வேணும். வழுக்கையா."

"இப்ப கேட்டுச்சு" என்றார் மாமனார்.

அதன்பின் தோளிலிருந்த துண்டை எடுத்தார். இரண்டாக மடித்தார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் உதவக் கை நீட்டியபோது தள்ளிவிட்டார்.

"என் துண்டு. நானே கட்டிக்கறேன்" என்றார் துணிக்குள்ளிருந்து. எனக்குத் தெளிவாகவே கேட்டது.

இளநீரைச் சீவி ராஜமாணிக்கத்திடம் நீட்டினார். முகத்தை மூடிக்கொண்டு அதைக் குடிக்க முடியாது என்பதை அப்போதுதான் எல்லோரும் உணர்ந்தோம். மாமனார் எதிரிலிருந்த புளியமரத்தைக் கையால் காட்டினார். ராஜமாணிக்கம் அங்கே சென்று, மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தார். மற்ற மூவரும் அவ்வாறே சென்று குடித்தனர். பணியிலிருந்து என்னை எவரும் நீக்கவில்லை. அதற்கான காரணத்தை நான் கேட்கவும் இல்லை.

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு நேராக முதன்முறையாக 'ஆம்' என்று எழுதினேன்.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது அவர் துண்டைக் கட்டியபடியே காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. மாறன் தொலைபேசியில் பேசியதை ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அரிவாளின் நுனியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மூக்கு" என்றார்.

நான் ஏற்றிக்கொண்டேன்.