சம்பந்தியிடம் சொல்ல ஒரு மாடல் பெயர்

வடக்கனந்தல் நாராயணசாமி தன் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை மனைவி பாப்பாத்தியைக்கூடத் தொட விட்டதில்லை. சம்பந்தி புதிதாக ஸ்மார்ட் வாட்ச் வாங்கியதிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. மறுநாள் தியாகதுருகத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்; சம்பந்தியும் வருவார். அதற்குள் தன் கடிகாரம் என்ன மாடல் என்று தெரிந்துகொண்டால் சம்பந்தியின் வாயை அடைத்துவிடலாம் என்று, பாப்பாத்தியுடன் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

வாட்ச் கடை கலையரசன் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார். அதைப் போனில் தேடிப் பார்த்தவர் கொஞ்சம் தயங்கினார்.

“அம்பத்தெட்டாம் வருஷத்து மாடலுங்க. ஒரிஜினல் சுவிஸ். ஆனா...”

“ஆனா இன்னா?”

“லேடீஸ் வாட்சுங்க.”

“அந்தக் காலத்துல ஆம்பள வாட்சே சின்னதாத்தான் இருக்கும். எங்கப்பா சாகற வரைக்கும் இதத்தான் கட்டிக்கினு இருந்தாரு.”

கலையரசன் போனைத் திருப்பிக் காட்டினார். பழைய விளம்பரம் ஒன்றில், கொண்டை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி அதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

பாப்பாத்தி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வந்ததும் வராததுமாக, “இன்னா சம்பந்தி, கைல வாட்ச காணமே?” என்று கேட்டார்.

“வூட்ல ஆசப்பட்டுது, குடுத்துட்டேன்,” என்றார் நாராயணசாமி, வேறெங்கோ பார்த்தபடி.

சம்பந்தியின் மனைவி பாப்பாத்தியின் கையைப் பார்த்தாள். பிறகு தன் புருஷனின் ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தாள்.

“நீங்களுந்தான் இருக்கீங்க,” என்றாள்.

சம்பந்தி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றைக்குப் பந்தியில் நாராயணசாமி பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.